மேஜர் ரைட்டின் வங்கி

(அமெரிக்காவின் தேசிய விடுதலை நாளான பிப்ரவரி 1ஐ ஒட்டி வங்கி ஊழியர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா நகரம். முதல் உலகப் போர் முடிந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. கறுப்பினப் பெண் ஒருவர் வங்கிக்குச் செல்கிறார். கல்வி கற்றவர், அந்நகரிலிருந்த கல்லூரியின் தலைவருடைய மகள். முகப்பில் இருந்த வெள்ளையினக் காசாளர் அவரை வேலைக்காரியைக் கூப்பிடுவது போல முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தம்மை 'மிஸ் ரைட்' என்று அழைக்குமாறு அப்பெண் கேட்கிறார். காசாளர் மறுக்கிறார், அவமதித்து அனுப்புகிறார்.

அன்றைய தென்மாநிலங்களில் இது ஒரு காசாளரின் தனிப்பட்ட திமிர் அல்ல. கறுப்பினத்தவர் எவரையும் 'மிஸ்டர்' என்றோ 'மிஸ்' என்றோ அழைக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. நரை விழுந்த முதியவரும் வெள்ளைச் சிறுவனுக்குப் 'பையன்'தான். தந்தை வயதுடைய உழைப்பாளியைச் சாதிச் செருக்கோடு ஒருமையில் விளிப்பதைக் கண்ணால் கண்ட நம் நாட்டினருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவமதிக்கப்பட்ட மகளின் தந்தைக்கு அப்போது வயது அறுபத்தைந்தை ஒட்டியிருந்தது. முப்பது ஆண்டுகள் நடத்திய கல்லூரியை விட்டு அவர் விலகினார். வடக்கே பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். தாமே ஒரு வங்கியைத் தொடங்கினார். ரிச்சர்ட் ராபர்ட் ரைட் என்னும் அம்மனிதரை மக்கள் 'மேஜர் ரைட்' என்றே அழைத்து வந்தனர். அடிமையாகப் பிறந்தவர், ஆசிரியர், படை அதிகாரி, வங்கியாளர், இறுதியில், தம் மக்களின் விடுதலைக்கு நாட்காட்டியில் ஒரு நாள் வேண்டும் என்று போராடியவர். அவர் கம்யூனிஸ்ட் அல்லர். லிங்கனின் கட்சி என்பதால் குடியரசுக் கட்சியை வாழ்நாள் முழுவதும் விடாமல் பற்றிக்கொண்டவர். அவரைப் பற்றி இங்கே பேசுவதற்குக் காரணம் உண்டு. உழைப்பவனின் கூலி யார் கையில் சேர்கிறது, அவன் சேமிப்பு யாருக்குப் பயன்படுகிறது, பணம் கட்ட வரும்போது அவன் எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறான் என்ற கேள்விகள் அவர் வாழ்க்கை நெடுகிலும் வருகின்றன. வங்கி ஊழியர்களுக்கு இவை அன்னியமான கேள்விகள் அல்ல.

1855 மே 16 அன்று ஜார்ஜியாவின் டால்டன் நகருக்கு அருகே அவர் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்தபோது அவருக்கு வயது பத்து. தாய் ஹாரியட், அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மகனோடு அங்கு வந்து சேர்ந்தாள். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே அடிமைகள் விஷயத்தில் குற்றமாக இருந்த மாநிலம் அது. எரிந்துபோன அந்நகரில் முதலில் கிடைத்த வகுப்பறைகளில் ஒன்று, பழைய ரயில் சரக்குப் பெட்டி.

1868இல் விடுவிக்கப்பட்டோர் நலத்துறையின் தலைவரான ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட் அட்லாண்டாவில் ரைட் படித்த பள்ளிக்கு வந்தார். வடக்கே இருக்கும் மக்களுக்கு உங்களைப் பற்றி என்ன சொல்லட்டும் என்று பிள்ளைகளைக் கேட்டார். பதின்மூன்று வயதுச் சிறுவன் ரைட் எழுந்து, நாங்கள் எழுந்து வருகிறோம் என்று சொல்லச் சொன்னான். கவிஞர் விட்டியர் இதை ஒரு கவிதையாக எழுதவே, அச்சிறுவன் நாடறிந்தவன் ஆனான். வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு விடையைக் கொண்டே அவரை அறிமுகப்படுத்தினார்கள். அதற்குப் பின் அவர் செய்தவை அந்த விடையை விடப் பெரியவை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே சற்று நின்று, அவர் பிள்ளைப் பருவத்தில் நிகழ்ந்த வேறொரு கதையைப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் அவருடைய வங்கி விளங்காது.

உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் போரிட்டனர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் சம்பளம். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். குண்டுக்கு நிறம் தெரியாது, பட்டுவாடாவுக்குத் தெரிந்தது. மாசச்சூசெட்ஸின் 54ஆம் படைப்பிரிவினர் அந்தக் குறைச் சம்பளத்தை வாங்கவே மறுத்தார்கள். மாதக்கணக்கில் ஊதியமின்றிப் போரிட்டார்கள். 1864இல்தான் நாடாளுமன்றம் சம ஊதியத்துக்கு இசைந்தது. வேலைநிறுத்தம் செய்ய முடியாத இடத்தில், ஊதியத்தை மறுத்து நடத்திய போராட்டம் அது. தொழிற்சங்க வரலாற்றில் அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

சம்பளம் கைக்கு வந்தபோது அதை எங்கே வைப்பது? 1864இல் படைத்தளபதிகள் சில இடங்களில் கறுப்பின வீரர்களுக்கெனச் சேமிப்பு வங்கிகளை ஏற்படுத்தினர். அதிலிருந்தே 1865 மார்ச் 3 அன்று லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தின்படி 'விடுவிக்கப்பட்டோர் சேமிப்பு வங்கி' பிறந்தது. சிப்பாய்கள் போட்டார்கள், சலவைத் தொழிலாளிப் பெண்கள் போட்டார்கள், சிறிது நிலம் வாங்கிவிட வேண்டும் என்று பருத்திக் காட்டுக் கூலிகள் சில்லறை சில்லறையாகப் போட்டார்கள். லிங்கனின் படத்தைக் காட்டியும், படைத்தலைவர்களின் பெயரைச் சொல்லியும் வைப்பு திரட்டப்பட்டதால், அரசாங்கமே பொறுப்பு என்று அம்மக்கள் நம்பினார்கள். அரசாங்கம் எந்தப் பொறுப்பும் ஏற்றிருக்கவில்லை.

முதல் ஐந்தாண்டுகள் பணத்தை அரசுக் கடன் பத்திரங்களில் மட்டுமே போட முடிந்தது. 1870இல் சட்டம் திருத்தப்பட்டு, கடன் கொடுக்கும் கதவு திறக்கப்பட்டது. வங்கியின் நிதிக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஹென்ரி குக். அன்றைய அமெரிக்க நிதி மூலதனத்தின் மன்னர் ஜே குக்கின் உடன்பிறப்பு. கூலிக்காரர்களின் காசு ரயில்பாதை ஊகத்துக்கும் வேண்டியவர்களின் கட்டட ஒப்பந்தங்களுக்கும் பாய்ந்தது. 1873இல் ஜே குக் நிறுவனம் சரிந்து பெரும் நெருக்கடி வெடித்தது. 1874 மார்ச்சில், அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மாபெரும் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸை வங்கியின் தலைவராக்கினார்கள். உள்ளே இருந்த ஓட்டை தெரியாமல், சொந்தப் பணம் 10,000 டாலரை அவர் வங்கிக்குக் கொடுத்தார். நான்கு மாதங்களுக்குள் வங்கி மூடப்பட்டது. 61,000க்கு மேற்பட்ட வைப்பாளர்கள். ஏறத்தாழ 30 லட்சம் டாலர். கொள்ளையடித்தவர்கள் மூலதனக்காரர்கள்; பழி சுமந்து நின்றது ஒரு கறுப்பினத் தலைவரின் பெயர். பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் தென்மாநிலக் கறுப்பின மக்கள் வங்கி என்றாலே நம்பிக்கையற்று விலகி நின்றதற்கு இந்த மோசடியை விட்டுவிட்டுக் காரணம் தேடுவது வீண்.

அந்த வங்கி மூடியபோது ரைட் கல்லூரி மாணவர். 1876இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். 1880இல் அகஸ்டா நகரில், ஜார்ஜியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான முதல் அரசு உயர்நிலைப் பள்ளியான வேர் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். 1891 முதல் சவான்னாவில் ஜார்ஜியா மாநிலத் தொழிற்கல்லூரியின் முதல் தலைவர். இன்று அது சவான்னா மாநிலப் பல்கலைக்கழகம்.

வேர் பள்ளியின் கதி என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பணமில்லை என்று காரணம் கூறி 1897இல் கல்வி வாரியம் அதை மூடியது. வெள்ளையினப் பிள்ளைகளின் உயர்நிலைக் கல்விக்கு மட்டும் பணம் இருந்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1899இல் உச்சநீதிமன்றம் வாரியத்தின் பக்கமே நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹார்லன். மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு, ரயிலில் இனப்பிரிவினையை ஏற்ற பிளெஸ்ஸி தீர்ப்பில் தனித்து நின்று மாறுபட்டவர் என்று பாடநூல்கள் போற்றும் அதே ஹார்லன். முதலாளித்துவ நீதியின் மனசாட்சி, பள்ளிக்குக் காசு ஒதுக்க வேண்டிய இடத்தில் வாயடைத்துப் போயிற்று.

சவான்னாக் கல்லூரியில் ரைட் கழித்த முப்பது ஆண்டுகள் நெருப்பின் மேல் நடந்தவை. அறங்காவலர்கள் வெள்ளையர்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தச்சும் உழவும் போதும் என்பது அவர்கள் கொள்கை. கிரேக்கமும் லத்தீனும் படித்து வந்த ரைட், தம் மாணவர்களுக்கும் உயர்கல்வி வேண்டும் என்றார். சில இடங்களில் முரண்பட்டார். பல இடங்களில் அனுசரித்துப் போனார். கும்பல் கொலைகளும் வாக்குரிமைப் பறிப்பும் அன்றாடமாக இருந்த மாநிலத்தில் கல்லூரியின் கதவு மூடப்படாமல் இருந்ததற்கு அந்த அனுசரிப்பே விலை. இதை வீரம் என்று சொல்ல முடியாது. கோழைத்தனம் என்றும், அந்த இடத்தில் நிற்காதவர்கள் எளிதில் சொல்லிவிடக் கூடாது.

1898இல் ஸ்பெயின் மீது அமெரிக்கா போர் தொடுத்தது. குடியரசுத் தலைவர் மக்கின்லி ரைட்டைத் தன்னார்வப் படையின் பட்டுவாடா அதிகாரியாக மேஜர் பதவியில் நியமித்தார். அமெரிக்கப் படையில் அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. தம் தந்தை தலைமுறைச் சிப்பாய்களுக்குக் குறைத்துக் கொடுக்கப்பட்ட சம்பளத்தை நினைத்தால், கறுப்பினத்தவர் ஒருவர் படையின் சம்பளப் பட்டியலைக் கையில் எடுத்ததன் பொருள் புரியும். ஆனால் அந்தப் போர் என்ன போர்? கியூபாவின் விடுதலை என்ற பெயரில் தொடங்கி, போர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும் பிலிப்பைன்ஸையும் விழுங்கிய ஏகாதிபத்தியப் போர். படைக்குள் இடம் கிடைத்தால் நாட்டுக்குள்ளும் இடம் கிடைக்கும் என்று கறுப்பின மக்களில் பலர் நம்பினார்கள். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு அதே தனி ரயில்பெட்டிதான் காத்திருந்தது. ரைட்டுக்கு மிஞ்சியது 'மேஜர்' என்ற பட்டம். கறுப்பினத்தவரை 'மிஸ்டர்' என்று அழைக்க நாக்கு எழாத வெள்ளையர்களும் சொல்லக்கூடிய சொல்லாக அது இருந்தது. அவர் அதைக் கடைசி வரை விடாமல் வைத்திருந்ததில் வியப்பில்லை.

அவர் மகளுக்கு அப்படிப்பட்ட பட்டம் எதுவும் இல்லை. தொடக்கத்தில் சொன்ன அந்த முகப்பில் அவர் வெறுங்கையோடு நின்றார்.

பிலடெல்பியாவுக்கு ரைட் சென்ற காலம் பெரும் புலம்பெயர்வின் காலம். தெற்கின் கும்பல் கொலைக்கும் குத்தகைக் கடனுக்கும் தப்பி லட்சக்கணக்கானோர் வடக்கின் ஆலைகளை நாடி வந்தனர். 1910இல் 84,459ஆக இருந்த அந்நகரின் கறுப்பின மக்கள்தொகை 1920இல் 1,34,229 ஆயிற்று. இவ்வளவு பேரின் கூலியும் யாரோ ஒருவருடைய பெட்டகத்துக்குள் போயிற்று. வீடு வாங்கவோ கடை வைக்கவோ அவர்கள் கடன் கேட்டால், அந்தப் பெட்டகம் திறக்கவில்லை.

அறுபது கடந்த வயதில் ரைட் வார்ட்டன் வணிகப் பள்ளியில் வங்கியியல் படித்தார். 1921இல், பிள்ளைகளின் துணையோடு, பத்தொன்பதாம் தெருவும் சவுத் தெருவும் சந்திக்கும் இடத்தில் 'சிட்டிசன்ஸ் அண்ட் சதர்ன்' வங்கியைத் திறந்தார். டு பாய்ஸ் 1899இல் வெளியிட்ட பிலடெல்பியா ஆய்வில் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய வட்டாரத்தை ஒட்டிய தெரு அது. அவருக்குத் துணை நின்ற மகன் ரிச்சர்ட், பென்சில்வேனியா மாநிலத்தின் கறுப்பின மக்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். பின்னாளில் கறுப்பினத் திருச்சபையின் பேராயர்.

அவ்வங்கியின் முகப்பில் சலவைக்காரப் பெண்ணும் 'மிஸஸ்'. துறைமுகச் சுமைதூக்கியும் 'மிஸ்டர்'. இது சிறு விஷயமாகத் தோன்றலாம். கையெழுத்துப் போடத் தெரியாத மூதாட்டி படிவத்தைக் கையில் பிடித்தபடி மூன்றாவது முறையாக விளக்கம் கேட்கும்போது முகப்பில் இருப்பவரின் முகம் எப்படி இருக்கிறது என்பதில் ஒரு வங்கி யாருடையது என்பது தெரிந்துவிடுகிறது.

அடுத்த சில ஆண்டுகள் பெரும் சோதனை. அதே நகரில் கறுப்பினத்தவர் நடத்திய பிரவுன் அண்ட் ஸ்டீவன்ஸ் வங்கி, நாடக அரங்கு உள்ளிட்ட கட்டடங்களில் பணத்தை முடக்கி 1925இல் கவிழ்ந்தது. 1930இல் சிகாகோவில் பிங்கா வங்கி மூடப்பட்டது. 1933 மார்ச்சில் நாட்டின் எல்லா வங்கிகளின் கதவுகளும் அரசாணையால் சாத்தப்பட்டன. ரைட்டின் வங்கி பிழைத்து எழுந்தது. ஊகத்தில் இறங்காமல், வைப்பாளர் கேட்டால் எடுத்துக் கொடுக்கக் கையில் ரொக்கம் வைத்திருக்கும் பழைய பள்ளிக்கூட வாத்தியாரின் கண்டிப்பு அங்கே இருந்தது. 1874இன் நினைவு அந்தத் தலைமுறைக்கு அழியாத வடு. கறுப்பின வங்கியாளர்களின் தேசியச் சங்கத்தை 1927இல் அமைத்துத் தலைமை தாங்கியவரும் அவரே. 1957இல், அவர் மறைவுக்குப் பிறகு, வங்கி விற்கப்பட்டபோது அதன் சொத்து 55 லட்சம் டாலர்.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஒடுக்கப்பட்டவர்களிடையே முதலாளிகள் தோன்றினால் ஒடுக்குமுறை தீருமா? கறுப்பினப் பொருளியல் அறிஞர் ஆப்ரம் ஹாரிஸ் 1936இல் இதே கேள்வியை ஒரு நூலாக எழுதினார். 1888க்கும் 1934க்கும் இடையே கறுப்பினத்தவர் தொடங்கிய 134 வங்கிகளை அவர் எண்ணிக் காட்டினார். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. காரணம் கறுப்பினத்தவரின் திறமைக் குறைவு அல்ல. கூலி குறைந்த மக்களின் வைப்பு சிறியது, அடிக்கடி எடுக்கப்படுவது. கடன் கொடுக்கக் கிடைக்கும் அடமானமோ இனப்பிரிவினையால் மதிப்பிழந்த வீடு. இப்படிச் சுவர் எழுப்பப்பட்ட இடத்துக்குள் நின்று எந்த வங்கியும் வளர முடியாது. சிறு கறுப்பின முதலாளி வர்க்கம் இனப்பற்றைச் சொல்லித் தன் சந்தையைக் காத்துக்கொள்கிறது என்றும், விடிவு கறுப்பு–வெள்ளைத் தொழிலாளர் ஒற்றுமையில்தான் என்றும் ஹாரிஸ் வாதிட்டார். அவர் சொன்னது சரி என்பதற்கு அமெரிக்க அரசே சான்று தந்தது. 1930களில் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு மையால் தீட்டப்பட்டன. ஒரு வங்கியின் முகப்பு மரியாதை அந்தச் சிவப்பு மையை அழிக்க முடியாது.

ஆனால் ஹாரிஸின் கணக்கில் வராத ஒன்று உண்டு. வைப்பாளர்களின் பணத்தைத் தொலைக்காமல் காத்த மனிதர் அவர்களுக்குச் செய்தது என்ன? நம் நாட்டில் 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி கவிழ்ந்தபோது வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்களைக் கேட்டிருந்தால் அவர்கள் விடை சொல்லியிருப்பார்கள். அதன் பிறகுதான் இங்கே வைப்புக் காப்பீடு வந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. ரைட் தம் வாழ்நாளில் நாட்டுடைமையைப் பற்றி நினைத்திருக்க மாட்டார். அவருக்குக் கிடைத்த கருவி ஒரு சிறு தனியார் வங்கி. அதைக் கொண்டு செய்ய முடிந்ததை நாணயமாகச் செய்தார். செய்ய முடியாதது அதைவிடப் பன்மடங்கு.

எண்பது வயதுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரின் உருவம் அஞ்சல்தலையில் வர வேண்டும் என்று அவர் நடத்திய இயக்கத்தின் பின்னர், 1940இல் புக்கர் வாஷிங்டன் அஞ்சல்தலை வெளிவந்தது. அடுத்து பிப்ரவரி 1ஐக் கையில் எடுத்தார். அடிமை முறையை ஒழிக்கும் 13ஆம் திருத்தத்துக்கான தீர்மானத்தில் 1865இல் லிங்கன் கையொப்பமிட்ட நாள் அது. அந்தத் திருத்தத்திலும் ஒரு பொந்து இருந்தது. குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய உழைப்பு செல்லும். அந்தப் பொந்தின் வழியே, ஜார்ஜியா மாநிலம் 1908 வரை கைதிகளைச் சுரங்கங்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வாடகைக்கு விட்டது. ரைட் அதைக் கண்ணெதிரே கண்ட தலைமுறை. ஆனாலும் ஜூலை 4இல் விடுதலை பெறாத மக்களுக்கு ஒரு நாள் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1942 பிப்ரவரி 1 அன்று பிலடெல்பியாவில் விடுதலை மணியின் அடியில் மலர்வளையம் வைத்து அந்நாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அப்போது இரண்டாம் உலகப் போர். பாசிசத்தை எதிர்க்கச் சென்ற கறுப்பினச் சிப்பாய்கள் இன்னும் தனிப் படைப்பிரிவுகளில்தான் இருந்தார்கள். ஆண்டுதோறும் மலர்வளையம் வைத்தார். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்.

1947 ஜூலையில், தொண்ணூற்றிரண்டாம் வயதில், அவர் இறந்தார். 1948 ஜூன் 30 அன்று தேசிய விடுதலை நாள் சட்டத்தில் ட்ரூமன் கையொப்பமிட்டார். நான்கு வாரத்துக்குள், ஜூலை 26 அன்று, படையில் இனப்பிரிவினையை நீக்கும் ஆணை வந்தது. 1949 பிப்ரவரி 1 அன்று அந்த மணியின் அடியில் அரசு அறிவித்த விடுதலை நாளுக்காக மக்கள் கூடினார்கள். அந்நாளை வாங்கித் தந்த பட்டுவாடா அதிகாரி அவர்களிடையே இல்லை.